பரணி மட்டும் காயவில்லை

காய்ச்சல் போனபோது
மூக்கையும் கூட்டிக்கொண்டு போனது.
மூன்று வருஷம்.
கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டார் யன்னலை அடைப்பார்கள்.
எனக்கு அது வெறும் சத்தம்.

இந்தக் கோலத்தில்தான் ஃபாதர் றெஜினோல்ட்
மதலேனாளை வரையச் சொன்னார்.
ஏழடி உயரம்.
கையில் பரிமளத் தைலம்.

முகத்துக்கு எமெல்டா பார்த்தலோட் வந்து இருந்தாள்,
ஊறணி பெற்றோல் செட்டில் இரவு வேலை முடிந்து
யூனிஃபோர்ம் மாற்றாமல்.
"மணக்குதா மாஸ்டர்?" என்று கேட்டவள்
ஞாபகம் வந்து நாக்கைக் கடித்தாள்.
பரணிக்கு எங்கள் வீட்டு ஊறுகாய்ப் பரணி.

கண் வந்தது. கழுத்து வந்தது.
மண்டியிட்ட முழங்காலில் சீலை மடிப்பு வந்தது.
பரணி ஊறுகாய்ப் பரணியாகவே இருந்தது.
ஆறு தரம் சுரண்டி அழித்தேன்.

ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலியில்
என்னைப்போல் கோயிலுக்கு வரைந்த ஒருவனை நினைத்தேன்,
பெயர் தெரியாத ஒருவன்.
அடுப்பில் முயல்தோல் பசை கொதிக்கும்.
கிண்ணத்தில் நேற்றைய மஞ்சட்கரு அழுகும்.
தெருவில் கொள்ளைநோய்ப் பிணவண்டி.
அவன் கழுத்தில் துளைபோட்ட வெள்ளி உருண்டை,
உள்ளே பயறளவு அம்பர்.
அதை முகர்ந்து முகர்ந்துதான்
மாதாவின் நீலத்தை முடித்திருப்பான்.
திமிங்கிலம் கக்கியது அது.
எந்தக் கடலில் என்று அவன் கேட்டிருக்க மாட்டான்.
கல்லடிக் கரையில் நின்று நான் கேட்டேன்.
கடல் வேறு வேலையாய் இருந்தது.

காத்தான்குடியில் உவைஸ் காக்காவின் அத்தர் கடை,
புடவைக் கடைக்கும் போன் திருத்துகிற கடைக்கும் நடுவில்
ஓராள் அகலம்.
மணிக்கட்டில் ஒன்று தடவினார், முழங்கையில் ஒன்று,
இடம் முடிந்து சேர்ட் கொலரில் ஒன்று.
"இது ஊது. இது ரோஜா, ஹஜ்ஜுக்குப் போறாக்கள் கேக்கிறது.
இது மழ பெஞ்ச மண்."
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.
மனிசன் என் முகத்தைப் பார்த்தார். குப்பியை மூடினார்.
"ஒண்டும் வரல்ல, என்ன?"
"வரல்ல."
"அப்ப எதுக்கு?"
"படத்துக்குள்ள ஊத்த."
அவர் சிரிக்கவில்லை.
விலையைக் குறைக்கவும் இல்லை.

ஆளிவிதை எண்ணெயில் ஒள்ளுப்பம் ஊது கலந்து
பரணியை ஒரே இரவில் போட்டேன்.
அன்றைக்குக் கை
மூக்கிடம் ஒன்றும் கேட்கவில்லை.

திருநாளுக்குள் எல்லாம் காய்ந்தது.
கூந்தல், குதிகால், பின்னால் நின்ற இருட்டுக்கூட.
பரணி மட்டும் காயவில்லை.
அத்தர் எண்ணெய் காயாதாம்.
உவைஸ் காக்காவுக்கு அது தெரிந்திருந்தது.
"நீங்க கேக்கல்லயே" என்றார்.

முதலில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது.
மறுகா அமிர்தகழியிலிருந்து வந்த ஒருத்தி
கும்பிடத் தொட்டாள்,
விரலை முகர்ந்தாள்,
அப்படியே நின்றாள்.
அவளுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டியது.
நெற்றியில், காதுமடலில், குழந்தையின் உள்ளங்காலில்
கபில நிறம்.
ஒருத்தி பொலித்தீன் உறையிலிருந்து
பாஸ்போர்ட் சைஸ் படமொன்றை எடுத்து
அதன் கன்னத்தில் பூசினாள்,
திரும்ப உறையில் போட்டாள்.

"இவ்வளவு விலைபோன தைலத்த வீணாக்கி..."
என்று தொடங்கிய ஃபாதர்
முன்னொரு காலம் யார் வாயிலிருந்து வந்த பேச்சு அது என்று
நினைவு வர, பாதியில் செருமினார்.
மின்விசிறியைக் கூட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது பரணியின் வாயில் கன்வஸ் தெரிகிறது.
ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சுற்றுக் குறைகிறது.
திரும்ப வரை என்கிறது கோயில் கமிற்றி.
தூரிகையைக் கழுவி வைத்திருக்கிறேன்,
அவ்வளவுதான்.

நேற்று எமெல்டா வேலை முடிந்து வந்தாள்.
கோயிலில் யாருமில்லை.
"தொட்டுப் பார், என்ன மணம் எண்டு சொல்லு."
தொட்டாள். முகர்ந்தாள். யோசித்தாள்.
"பெற்றோல், மாஸ்டர்.
இது என்ட கைதான்."

மற்றக் கையை
பாவாடையில் துடைத்துக்கொண்டு
நீட்டினாள்.